நாற்பது பேர் படைக்கு ஐந்நூறு சட்டை

வீரர்களைத் தேடும் முன்பே சட்டையைத் தைத்து முடித்த பெருமை, உலகப் படைகளின் வரலாற்றிலேயே பெருமாநல்லூர் ரோட்டுக் 'காவல் துணைவர் படை'க்குத்தான் உண்டு. படைத் தலைவர் சென்னியப்பன் பனியன் கம்பெனி முதலாளி. போலீசுக்கு உதவ நாற்பது தன்னார்வலர்கள் போதும் என்றிருந்தார் எஸ்.ஐ. ஆனால் நாற்பது பீசுக்கு எந்தச் சாயப்பட்டறை துணி நனைக்கும்? ஐந்நூறாகத் தைத்தார். மிச்சம் நானூற்று அறுபதும், ஊர் வழக்கப்படி, மிச்ச உருப்படிகளை மலிவாக விற்கும் செகண்ட்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் டீக்கடை, பஸ் ஸ்டாப், ஒயின் ஷாப் வாசல் என்று எங்கு திரும்பினாலும் முதுகில் 'காவல் துணைவர்'. இத்தனை பாதுகாப்பான ஊர் இந்தியாவிலேயே இல்லை.

அசல் நாற்பதில் ஒருவன் முகிலன். வயது பதினெட்டு. நாய், இருட்டு, அதட்டிப் பேசும் பெரியவர்கள் ஆகிய மூன்றுக்கு மட்டுமே பயப்படுவான். சட்டையைப் போட்டால் பயம் போய்விடும் என்று நம்பித்தான் சேர்ந்தான். போகவில்லை. சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் 'பணி'யில் நின்றபோது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் வேலாத்தாள் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அதே சட்டை போட்ட ஒரு மீசைக்காரர் அவரை நிறுத்தி, சங்கிலித் திருடர்கள் சுற்றுவதாகவும் நகையைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக்கொள்வதே பத்திரம் என்றும் அதட்டினார். வேலாத்தாள் முகிலனைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, கழட்டோணுமா?"

அந்த மீசையை முகிலன் அதுவரை பார்த்ததே இல்லை. நீங்கள் யார் என்று கேட்டிருக்கலாம். ஆனால் குரல் பெரிதாக இருந்தது.

"ஆமாங்க்கா. சார் சொல்றாருங்கள்ல."

சொன்னதோடு நிற்கவில்லை. காகிதத்தை நேர்த்தியாக மடித்து, ரப்பர் பேண்டும் போட்டான். கடமையுணர்ச்சி. மீசைக்காரர் பொட்டலத்தை வாங்கித் தன் கையாலேயே வேலாத்தாளின் பைக்குள் வைத்தார். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், மூன்று பவுன் இருந்த இடத்தில் நான்கு ஜல்லிக்கல்.

சாயங்காலம் வேலாத்தாள் அடையாளம் காட்டுவதற்காக ஸ்டேஷன் வாசலில் படையே வரிசையாக நின்றது. சட்டை விற்ற கதையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, படையின் மானம் போய்விடும் என்று சென்னியப்பன் ஏற்கெனவே காதோடு காதாகச் சொல்லியிருந்தார். நாற்பது முகங்களையும் பார்த்து வேலாத்தாள் உதட்டைப் பிதுக்கினார். அதட்டியவர் முகமும் மடித்துக் கொடுத்த பையன் முகமும் மனதில் நிற்கவில்லை, சட்டைதான் ஞாபகம் இருக்கிறது என்றார்.

"படையாளுக அப்படிச் செய்ய மாட்டாங்கம்மா. நீங்களே எங்காச்சும் தொலச்சிருப்பீங்க," என்று எஸ்.ஐ. பேனாவை மூடினார்.

வேலாத்தாள் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த முகிலன் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தான். வாய் எப்படியோ திறந்துகொண்டது.

"பொட்டலம் மடிச்சது நானுங்க சார். அந்தாள அடையாளம் காட்டுவனுங்க. அந்தச் சட்டை செகண்ட்ஸ் கடையில கெடைக்குதுங்க. நம்ம தலைவர் வித்ததுங்க."

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார். முகிலனை உள்ளே பெஞ்சில் உட்காரச் சொன்னார். விஷயம் கேள்விப்பட்டு நிருபர் ஒருவர் கேமராவோடு வந்தார். சென்னியப்பன் முகிலனின் தோளை இறுகப் பற்றிக்கொண்டு படத்துக்கு நின்றார்.

"படை ஆரம்பிச்சு மூணு மாசந்தானுங்க ஆச்சு. அதுக்குள்ள மொத ஆளப் புடிச்சுட்டோமுங்க."