மே மாதத்தில் ஓவர்கோட் கேட்டவர்

இந்தப் பூவுலகில் இதுவரை ஏமாறாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. மற்றவர் ஹைதராபாத் ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் திருவாளர் சுதர்சன். மென்பொருள் நிறுவனமொன்றில் 'ரிஸ்க் மேனேஜர்'. அதாவது, வராத ஆபத்துகளை எக்செல் தாளில் வரவழைத்து, அவற்றுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் பூசிச் சம்பளம் வாங்குகிறவர். இப்பேர்ப்பட்ட சேவை இல்லாமல் நம் முன்னோர்கள் எப்படித்தான் உயிரோடிருந்தார்களோ!

அவரிடம் ஓர் ஓவர்கோட் இருந்தது. அமெரிக்காவுக்கு 'ஆன்சைட்' அனுப்புவதாக நிறுவனம் சொன்ன அன்று மாலையே வாங்கியது. அதற்குள் அங்கே வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்ததில், சுதர்சன் ஹப்சிகுடாவிலேயே தங்கிவிட்டார். கோட் பீரோவில் தங்கிவிட்டது. பீரோவில் அவர் மனைவி தாரிணியின் புடவைகளுக்கு இடமில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது போகலேன்னா, பழைய துணிக்குப் பாத்திரம் போடறவகிட்ட போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிடுவேன்" என்றாள் தாரிணி.

எனவே 2009 மே மாதத்தில், நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், இணையத்தில் விளம்பரம் வெளியானது. 'கம்பளி ஓவர்கோட். ஆறாயிரம் ரூபாய். ஒருமுறைகூட அணியாதது.' கடைசி வரியைத் தட்டும்போது அவருக்குக் கண் கலங்கியது நிஜம்.

முதலில் ஒரு போன் வந்தது.

"சார், நா தேவராஜ், மல்காஜ்கிரிலேர்ந்து. கோட்டு இருக்கா? சர்ச்சு முடிச்சிட்டு வர்றேன். காசு கையிலயே குடுத்துர்றேன்."

"உங்க ஈமெயில் ஐடி?"

"அதெல்லாம் நக்கோ சார், நமக்கு வேணாம். பக்கத்து வீட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர்ல காமிச்சிச்சி, அவ்ளோதான்."

சொன்னபடி வந்தார். ஒல்லியான ஆள், ஓயாத இருமல். கோட்டைப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. சுதர்சனின் புருவம் உயர்ந்தது.

"மே மாசத்துல உங்களுக்குக் கோட் எதுக்கு?"

"ஐஸ்கிரீம் குடோன்ல வேலை சார். உள்ள மைனஸ் இருபது. கம்பெனி குடுத்த கோட்டு கிழிஞ்சிபோச்சி. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சி, இன்னொரு மாசம் இப்படியே போனா ஆஸ்பத்திரிதான்றாரு டாக்டரு. ஒரு ஐநூறு கொறைச்சிக்குங்க சார்."

சுதர்சன் படுக்கையறைக்குள் போய் அவசரக் கூட்டம் நடத்தினார். தலைமை சுதர்சன், அறிக்கை சுதர்சன், ஏகமனதாக ஆமோதித்தவரும் சுதர்சன். தாரிணிக்குப் 'பார்வையாளர்' அந்தஸ்து வழங்கப்பட்டது. நேரில் வந்தார்: சிவப்பு. கையில் ரொக்கம்: சிவப்பு. பேரம் பேசினார்: சிவப்பு. கேட்ட கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னார்: கருஞ்சிவப்பு.

"பாவம், இருமறாருங்க. குடுத்துடுங்களேன்."

"இருமலை வெரிஃபை பண்ண முடியாது, தாரிணி."

தேவராஜிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டது. பெயர், கதவு எண், தெரு, கைபேசி எல்லாவற்றையும் அவர் நெற்றி வியர்க்க எழுதிக் கொடுத்தார். முடிவு பின்னர் அறிவிக்கப்படும் என்று சுதர்சன் அறிவித்தார்.

"ஹவ் சார், சரி சார், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க" என்று இருமிக்கொண்டே படியிறங்கினார் அந்த ஆபத்து.

அன்று மாலை ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் டாக்டர் ஹென்றி, லண்டன். 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, காற்புள்ளி அரைப்புள்ளி பிசகாத ஆங்கிலம். பேரமில்லை, அவராகவே பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். எக்செல் தாள் பச்சைப் பசேலென்று ஆனது.

"லண்டன்ல குளிரு. கோட் கேக்கறாரு. எவ்வளவு லாஜிக்கலா இருக்கு பாரு!"

"லண்டன்ல கோட்டே கிடைக்காதா?" என்றாள் தாரிணி. கேள்வி பொருத்தமற்றது என்று அறிக்கையில் பதிவானது.

கோட், டாக்டரின் டெல்லி பிரதிநிதிக்குக் கூரியரில் போனது. பணம் வரும் வழியில் எங்கோ சிக்கிக்கொண்டதால், 'அந்நியச் செலாவணி விடுவிப்புக் கட்டண'மாக ஒன்பதாயிரம் கட்டும்படி டாக்டர் மிகுந்த வருத்தத்தோடு எழுதினார். சுதர்சனும் கட்டினார். அதன்பிறகு டாக்டர் எழுதவில்லை. அவருக்கு எழுதியவையெல்லாம் திரும்பி வந்தன.

வேறு யாராவதாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுதர்சன் காவல் நிலையத்திலிருந்து புகார்ப் படிவம் வாங்கி வந்தார். 'சந்தேகப்படும் நபர்: பெயர், முகவரி, கைபேசி எண்' என்ற இடத்தில் பேனா நின்றது. டாக்டரிடம் இவற்றையெல்லாம் அவர் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் கேட்பது மரியாதையா? ஆனால் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடுவது அவர் தொழில்தர்மத்துக்கு விரோதம். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"அய்யோ, அந்த மனுஷன் என்னங்க பண்ணினாரு?" என்று தாரிணி பதறினாள்.

"குத்தவாளின்னா எழுதறேன்? சந்தேகப்பட்டது யாரைன்னு கேக்கறாங்க. நான் சந்தேகப்பட்டது அவர் ஒருத்தரைத்தான். ரெக்கார்டு இருக்கு."

புகாரில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. காவல் நிலையமே வியந்தது. மறுநாள் காலை, குடோனிலிருந்து கிழிந்த கோட்டோடு அழைத்துவரப்பட்ட தேவராஜ் இருமி முடிக்கும்வரை சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு படிவத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்:

"மே மாசத்துல உனக்குக் கோட் எதுக்கு?"