தண்ணீர் முறைக்கு ஷீட் போட்ட மிளா

ஒரு காட்டில், கோடை முற்றினால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சும். மான் குடிக்கும் நேரம் பார்த்துச் சிறுத்தையும் குடிக்க வரும். அதற்கப்புறம் மானுக்குத் தாகம் இருக்காது.

இதற்கொரு முடிவு கட்ட நினைத்தாள் கோமளம் என்ற மிளா மான். அவளுக்குக் கணினிப் படிப்பெல்லாம் கிடையாது. காட்டுப் பஞ்சாயத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. மயில்கள் தோகைப் போட்டிக்காக அதில் வைத்திருந்த கட்டம் போட்ட கணக்கு ஷீட்டை நகல் எடுத்து, தெரிந்தவரை தட்டித் தட்டி, யார் எப்போது தண்ணீர் குடிப்பது என்று முறை போட்டாள். ‘தோகை நீளம்’ என்ற பத்தி மட்டும் அப்படியே நின்றது. அதை அழித்தால் ஏனோ எல்லாமே தப்பாக வந்தது. ஆகவே யானைக்கும் ஆமைக்கும்கூடத் தோகை நீளம் பூஜ்யம் என்று போட்டுவைத்தாள்.

மிளாக்களுக்கான ஃபார்முலா எளிது. ஆறாவது வரி சிறுத்தை தண்டபாணியுடையது. மேலிருந்து எண்ணி ஆறாவது வரிக்குப் போ, அங்குள்ள நேரத்தை எடு, இரண்டு மணி கூட்டு. காலை எட்டுக்குச் சிறுத்தை குடித்துவிட்டுப் போனால், பத்துக்கு மிளாக்கள். தண்டபாணி தன் நேரத்தை மாற்றினால் மிளாக்களின் நேரமும் தானாகத் தள்ளிப்போகும். முறை எல்லாருடைய செல்போனுக்கும் போய்ச் சேர்ந்தது. வெகுநாள் குளக்கரையில் ஓர் எலும்புகூட விழவில்லை.

நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். காட்டுப்பன்றி தன் வரிக்கு மஞ்சள் அடித்துக்கொண்டது. நரி வந்து, “அக்கா, என் போன்ல சார்ஜ் ஏறல, பாருங்க” என்றது.

“அது எனக்குத் தெரியாதேப்பா.”

“ஷீட் போடத் தெரியுது, இது தெரியாதா?” என்று முறைத்துக்கொண்டு போனது.

பஞ்சாயத்துத் தலைவர் கரடியாருக்கு வேறொரு குறை. “இவ்வளவு பெரிய திட்டம், மேலே நம்ம படம் இல்லையே?”

செயலாளர் குரங்கு உடனே ஷீட்டின் உச்சியில் ஒரு வரியை நுழைத்து, படத்தை ஒட்டி, ‘மாண்புமிகு’ என்று போட்டது. ஒரு வரி கூடியதும் தண்டபாணி ஏழாவது வரிக்கு இறங்கினார். ஆறாவதில் முயல் வந்து உட்கார்ந்தது. முயல் குடிப்பது காலை ஆறு மணிக்கு. ஃபார்முலாவுக்கு முயலும் ஒன்றுதான், சிறுத்தையும் ஒன்றுதான். அது ஆறோடு இரண்டைக் கூட்டி, மிளாக்களை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டது.

கோமளத்தின் கொழுந்தன் சிங்காரம்தான் கூட்டத்துக்கு முன்னால் நடந்தான். அவன் மட்டும் திரும்பி வரவில்லை.

விசாரணை நடந்தது. தண்டபாணி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நான் விதியை மீறல. எட்டு மணின்னா எட்டு மணிக்கு வந்தேன். போனைப் பாருங்க.”

பார்த்தார்கள். எட்டு மணிதான்.

“அப்போ தப்பு ஷீட் போட்டவ மேலதான்” என்றது குரங்கு.

“மேலே ஒரு வரியை நுழைச்சது யாரு?” என்று கேட்டாள் கோமளம்.

எல்லாரும் கரடியார் படத்தைப் பார்த்தார்கள். அத்தோடு விசாரணை முடிந்தது. ஆனால் கோமளத்துக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. வரியை எண்ணாமல், பெயரைத் தேடச் சொல்லி எழுதியிருந்தால் சிங்காரம் இருந்திருப்பானே!

நகரத்திலிருந்து ஒரு கொக்கை வரவழைத்தார்கள். அது தொழில்முறை நிபுணர். ஷீட்டைப் பார்த்து, “ஆமைக்கு எதுக்குத் தோகை?” என்று தலையில் அடித்துக்கொண்டு, புதிதாக ஓர் ஆப் செய்து கொடுத்தது. தண்ணீர் குடிக்குமுன் கட்டைவிரலை வைக்க வேண்டும். குரங்கு வைத்தது, குடித்தது. கோமளம் குளம்பை வைத்தாள். ‘விரலைச் சரியாக வைக்கவும்’ என்றது ஆப். குளம்புள்ளவர்கள் எல்லாரும் நாக்கு வறண்டு நின்றார்கள். கொக்கு ஊர் போய்ச் சேர்ந்தது. காடு பழைய ஷீட்டுக்கே திரும்பியது.

“இனி இதை யார் பார்த்துக்கறது?” என்றார் கரடியார். எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள்.

“நான் கத்துக்கறேன்” என்றார் தண்டபாணி.

கோமளம் பதறினாள். “தலைவரே, அவர் என் கொழுந்தனைச் சாப்பிட்டவரு!”

“அதுதாம்மா அனுபவம்ங்கிறது. உபயோகிக்கிறவங்க கையில இருந்தாத்தான் எதுவும் உருப்படும்.”

தண்டபாணி நன்றாகவே கற்றுக்கொண்டார். அடுத்தடுத்து மிளாக்கள் காணாமல் போயின. மிளாக்களின் வரியில் போட்டிருந்த தலை எண்ணிக்கை பொருந்தாததால் அந்த வரி சிவப்பாகப் பிழை காட்டியது. தண்டபாணி ஒரே ஒரு ஃபார்முலா எழுதினார்: பிழை வந்தால், கட்டத்தை வெறுமையாகக் காட்டு. சிவப்பு மறைந்தது. “இப்பத்தான் ஷீட்டு ஷீட்டு மாதிரி இருக்கு!” என்று பஞ்சாயத்தே கைதட்டியது.

ஒரு காலை கோமளம் தன் கூட்டத்துக்கான நேரத்தைத் தேடினாள். மிளாக்களின் வரி முழுவதும் வெள்ளையாக இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டி வேறொரு காட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஓர் ஓடை இருந்தது. காற்றை மோந்து பார்த்து, பயந்து பயந்து குடித்தார்கள். பிழைத்தார்கள்.

அந்த வருடம் பழைய பஞ்சாயத்தின் அறிக்கை வந்தது: ‘தண்ணீர் முறை பற்றி மிளாக்களிடமிருந்து புகார் ஏதும் இல்லை.’

புதுக் காட்டில் சில நாள் கழித்து ஒரு முள்ளம்பன்றி, கக்கத்தில் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு வந்தது.

“அத்தை, நீங்க பெரிய ஷீட்டெல்லாம் போடுவீங்களாமே? இங்கேயும் ஓடைக்கு ஒரு முறை...”

கோமளம் வாயிலிருந்த புல்லை மென்று விழுங்கினாள். லேப்டாப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

“இது என்னப்பா, அம்மிக்கல்லா?” என்றாள்.

நீதி: ‘கம்ப்யூட்டர் தெரியும்’ என்றவளை ஊரே மேயும், ‘தெரியாது’ என்றவள் நிம்மதியாகப் புல் மேய்வாள்.