பிப்ரவரி மாத மருத்துவர்

"உன் டாக்டர் யாரும்மா?" என்று இறைச்சிக் கடை ஒஸ்வால்தோ ஒருமுறை என்னைக் கேட்டார்.

புவனோஸ் ஐரிஸ்தான் உலகின் தலைசிறந்த நகரம் என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும். மற்ற ஊர்களில் யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள். எங்கள் ஊரில் மனநோய் இல்லாத ஆளை யாரும் மதிப்பதில்லை. ஒஸ்வால்தோவுக்கு 'பதற்றக் கோளாறு'. எலும்பை வெட்டிக்கொண்டே அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு 'சமூக அச்சம்'. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் எழுவேன், குரல் எழாது. பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். அன்றே எங்கள் கட்டடத்தில் என் மரியாதை உயர்ந்தது.

இத்தகைய நகரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பேரிடர் வரும். அதன் பெயர் பிப்ரவரி, எங்கள் பக்கத்துக் கோடையின் உச்சம். வெயில் தாங்காமல் மனநல மருத்துவர்கள் ஒட்டுமொத்தமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். நோயாளிகள் நோயோடு ஊரில் தங்குவார்கள்.

அந்த இருண்ட காலத்தில்தான் நான் 'பதவியேற்றேன்'. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடி மிர்தா வந்து, விட்டுப்போன கணவரைப் பற்றி முக்கால் மணி நேரம் அழுதார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் "ம்..." என்றேன்.

"அடேயப்பா! என் டாக்டர்கூட இவ்வளவு ஆழமா எதுவும் சொன்னதில்லடி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மாடிப்படியில் வரிசை நின்றது.

பொறுப்பு கூடியதால் படிப்பும் தேவைப்பட்டது. யாரோ குப்பையில் போட்ட 'நோயறியும் கையேடு' ஒன்றை எடுத்துவந்தேன். அதன் பெருமையை என்னவென்பது! துக்கத்தைத் தராசில் நிறுத்துத் தரும் நூல் அது. மனச்சோர்வுக்கு ஒன்பது அடையாளங்கள். ஐந்து இருந்தால் நோய். நான்கு என்றால் வெறும் வாழ்க்கை.

கையில் புத்தகம் வந்ததும் எனக்குக் குரலும் வந்துவிட்டது.

"ஒஸ்வால்தோ அண்ணே, உங்களுக்குப் பதற்றம் மட்டும் இல்ல. கடையைப் பூட்டினோமான்னு நாலு தடவை போய்ப் பாக்கறீங்களே, அதுவும் தனி நோய்."

"நெசமாவா? ரெண்டா!" அவர் முகம் மலர்ந்தது. "மிர்தாவுக்கு எத்தன?"

"ஒண்ணுதான்."

"பாவம். அவகிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடுவா."

மாதக் கடைசியில், தரைத்தளத்து எவாரிஸ்தோ படியேறி வந்தார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். நவம்பரில் மனைவியை அடக்கம் செய்தவர். அதன்பின் யாரிடமும் பேசியதில்லை. மருத்துவரே வைத்துக்கொள்ளாத அந்த மனிதரால் எங்கள் கட்டடத்துக்கே தலைகுனிவு. இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"கொஞ்சம் உக்காரலாமா கண்ணு?"

"உக்காருங்க தாத்தா. தூக்கம் எப்படி?"

"விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது. பக்கத்துல கை போடறேன், அவ..."

"அதெல்லாம் வேண்டாம். ஒண்ணு. சாப்பாடு?"

"ஒருத்தனுக்காக எப்படிம்மா அடுப்பு பத்தவைக்கறது?"

"ரெண்டு. களைப்பு?"

"சட்டைப் பொத்தான் போடறதுக்குள்ள உக்காந்துடறேன்."

"மூணு. கவனம்?"

"மேட்ச் பாக்கறேன். யாரு கோல் போட்டாங்கன்னு கேட்டா தெரியல."

"நாலு! அழுகை?"

"அதான் வரவே மாட்டேங்குதும்மா."

பென்சிலைக் கீழே வைத்தேன். "வாழ்த்துகள் தாத்தா! ஒண்ணு குறையுது. இந்தக் கட்டடத்துலயே ஆரோக்கியமான ஆளு நீங்க மட்டும்தான்."

அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு இருக்கு கண்ணு. யாருகிட்டயும் சொன்னதில்ல. ரோட்டோரமா நிக்கறேன்ல, பஸ் வர்றப்ப சில சமயம் எனக்கு..."

நேரம் முடிந்திருந்தது. படியில் மிர்தா புதிதாக இரண்டு கனவுகளோடு காத்திருந்தார். பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் நேரம் ஆனதும் வெட்டிவிடுவதே எங்கள் ஊர் மருத்துவத்தின் உச்சம். பெரிய டாக்டர்கள் சொல்லும் அதே மென்மையான குரலில் நானும் சொன்னேன்:

"இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்."

மூன்று மாதம் கழித்து வாய் திறந்த ஒரு மனிதரை ஒரே வாக்கியத்தில் 'குணப்படுத்திய' பெருமை, இந்த மாநகரத்தில் எனக்கு மட்டுமே உரியது. எவாரிஸ்தோ திறந்த வாயை மெல்ல மூடினார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். மிர்தாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி, படியிறங்கித் தெருவுக்குப் போனார்.