கடல் வழியாக வந்த சாட்சி

அணுக்கழிவு என்றால் சிவப்பாக, உருண்டையாக, உச்சியில் குடுமியோடு இருக்கும் என்று ஒரு பகல் முழுக்க நம்பியவன் நான். இத்தனைக்கும் பி.காம். என்னை அப்படி நம்பவைத்தவர் எங்கள் ஊர் 'வாய்தா'. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் அவரைப் போல இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் கோர்ட்டுகள் தாங்கியிருக்காது.

வாய்தாவுக்குத் தொழில் மீன். குப்பத்தில் ஏலம் எடுத்து, மொபெட்டில் ஐஸ்பெட்டி கட்டி, தெருத்தெருவாக விற்பார். வடக்கே, தமிழ்நாட்டுக் கரையில் இருக்கும் அணு உலையில், எரிந்து முடிந்த எரிபொருளைக் கடலோரத்திலேயே கிடங்கு கட்டி வைக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்தார். படித்த வேகத்தில் சென்னைக்கு பஸ் ஏறி வழக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு "வவ்வா, சங்கரா" என்று கூவுகிறவர், "நாளிக்கு மீனு கெடையாது, வாய்தா!" என்றும் கூவிவிட்டுப் போவார். பேர் ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா. எங்கள் தெருவில் வாய்தா.

"அவ்ளோ தூரத்துல இருக்கறது உன்ன இன்னாய்யா பண்ணும்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"வாடக் காலத்துல தண்ணி வடக்கேர்ந்து தெக்கதான் இழுக்கும். அங்க கசிஞ்சா, கசிஞ்சிச்சாம்னு பேச்சு வந்தாலே போதும், என் பொட்டி மீன நீ வாங்குவியா?"

வாங்கமாட்டேன் என்று எனக்கே தெரிந்ததால், சங்கரா என்ன விலை என்று கேட்டேன்.

அந்த வாடைக் காலத்தில்தான், சர்க்கரைக்காகக் கடற்கரையில் நடக்கப்போனவன் அதைப் பார்த்தேன். அலை ஒதுக்கிய நுரையில் ரத்தச் சிவப்பில் ஓர் உருண்டை. அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'தொடாதே'. ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"கெளம்புடி! அணு வந்துடுச்சி!"

"எந்த அணு?" என்றாள் மனைவி. "மாவு அரைச்சி வச்சிருக்கேன், பொங்கிடும். அதையும் எடுத்துக்கறேன்."

மாவுத் தூக்கோடு வில்லியனூரில் மச்சான் வீட்டில் அடைக்கலம் புகுந்தோம். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏன் மாமா, கதிர்வீச்சு வந்தா எங்க ஊரு ரயில்வே கேட்டு போட்டுருக்குன்னு நின்னுடுமா?"

சாயங்காலம் போன் வந்தது. வாய்தா. "யோவ், என் தேங்கா கரைக்கு வந்துடுச்சிய்யா! நீதான் மொதல்ல பாத்தியாமே?"

நீரோட்டத்துக்கு ஆதாரம் என்ன என்று அவருடைய வக்கீல் கேட்டிருக்கிறார். இவர் ஒரு மூட்டை தேங்காய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, 'சாட்சி, தொடாதே' என்று எழுதி, உலைக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்துக் கடலில் போடச் சொல்லியிருக்கிறார். மற்றதெல்லாம் வழியில் யார் வீட்டுச் சட்னியானதோ, ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தது. 'சாட்சி'யைக் கடல் அழித்துவிட்டது. 'தொடாதே' மட்டும் எனக்காக மிஞ்சியிருந்தது.

பார்த்தவன் என்ற முறையில் அடுத்த வாய்தாவுக்கு நானும் கிளம்பினேன். விடியற்காலையில் அவர் வீட்டுக்குப் போனால், வாசலில் அவரைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, அவர் மனைவி கற்பூரம் ஏற்றிய தேங்காயால் திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்தியாகக் கண்ணை மூடியிருந்தார். 'படார்' சத்தம் கேட்டுத்தான் திறந்தார். தெருவெல்லாம் சிவப்புச் சில்லுகள்.

"அடியேய், இன்னாடி பண்ண!"

"கேசு ஜெயிக்கணும்னு ஒடச்சேன். சாமி ரூம்புல வச்சிருந்த, 'தொடாதே'ன்னு வேற எழுதியிருந்துச்சி. சாமிக்குன்னுல்ல நெனச்சேன்!"

அவர் அந்த அம்மாவைத் திட்டவில்லை. சில்லுகளைப் பொறுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். சென்னையில் வக்கீல் பையைத் திறந்து பார்த்தார். "பொட்டுக்கடலை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "மனுதாரர் புதுச்சேரி. உலை இருப்பது தமிழ்நாட்டில். இவருக்கென்ன பாதிப்பு?"

யாரும் கேட்காமலே வாய்தா எழுந்துவிட்டார். "ஐயா, என் வூடு பாண்டி, கொல்லப்பக்கம் கடலூர் ஜில்லா. தரையிலயே இப்படி. கடல்ல எங்கய்யா கோடு போட்டு வச்சிருக்கீங்க?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும்தான். பிறகு பொறுமையாகவே விளக்கினார்: நிபுணர்கள் பார்த்துவிட்டார்கள், பாதுகாப்பு இருக்கிறது, கிடங்கு தற்காலிகமானது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

"செரிங்கய்யா. எப்ப எடுத்துகினு போவாங்க? ஒரு தேதி சொன்னா நான் வூட்டுக்குப் போயிடறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தேதி யாரிடமும் இல்லை. மனு தள்ளுபடியானது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னார்: "எனக்கு எத்தினி வாய்தா குடுத்தாங்க! அந்தக் கழிவுக்கு ஒண்ணு கேட்டா இல்லன்றாங்களேப்பா."

எதற்கும் ஒரு கிண்டல் என் வாயில் தயாராக இருக்கும். அன்று திண்டிவனத்தில் பஸ் நின்றதும் இறங்கி, அவருக்கு ஒரு டீ வாங்கிவந்தேன்.

மேல்முறையீட்டுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தவர், போன ஐப்பசியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். தெருவில் இப்போது வேறொருவர் மீன் விற்கிறார். நல்ல மீன். ஒருநாள்கூட வராமல் இருப்பதில்லை. எனக்கு அதுதான் குறையாக இருக்கிறது.

மேல்முறையீட்டை யாரும் போடவில்லை.