ஐயாயிரம் அடி உயரத்தில் ஒரு கழிமுகம்

எண்ணெய் விலை ஏறியிருந்த 1980ஆம் ஆண்டில் தலைநகரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களில் சுவர் எழுப்பி, கடல்நீர் ஏறி வற்றும் வேகத்தில் மின்சாரம் எடுக்க அரசாங்கம் முழு ஆதரவு தரும். ஆறு உள்ள மாவட்டங்கள் எல்லாம் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கேமரன் மலையிலும் ஆறு இருந்தது. கடல்தான் இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தானா ராத்தா மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி குணாளன் விண்ணப்பப் பாரத்தோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். எங்களுக்கு வேண்டியிருந்ததோ ஒரு பாலம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றை ஒற்றை மரக்கட்டையில்தான் கடப்போம். கொழுந்து பறிக்கும் வேலாயி போன மழையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பாலம் கேட்டு ஆறு மனு போட்டோம். பாலத்துக்குத் திட்டம் இல்லை என்று ஆறு பதில் வந்தது.

கட்டுப் போட்ட கையோடு வேலாயி கேட்டாள்: "அந்தச் சுவத்து மேல நடக்கலாமாங்க ஐயா?"

"நடக்கலாம்லா. மூணு அடி அகலம்."

"அப்ப எங்க ஆத்துலயே கட்டுங்க."

"தண்ணி தினம் ரெண்டு தடவ ஏறி எறங்கணுமே, அம்மா."

"மழை பெஞ்சா ஏறும், விட்டா எறங்கும். நவம்பர்ல மூணு தடவகூட ஏறும்."

குணாளன் எழுதிக்கொண்டார்: 'ஏற்ற இறக்கம் - தேவைக்கு அதிகம்.'

"ஆறு எங்க போய்ச் சேருது?" என்று அடுத்த கேள்வியைப் படித்தார்.

"எல்லா ஆறும் கடல்லதானே சேரும்," என்றார் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சிவசாமி.

பாரத்தில் ஒரு பொய்கூட இல்லை. எட்டே மாதத்தில் சுவர் எழுந்தது. மின்சாரம் வரவில்லை, அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. வேலாயி கூடையோடு முதல் ஆளாக நடந்தாள். நடுவில் நின்று இரண்டு முறை மிதித்துப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு தலைநகரிலிருந்து மேலதிகாரி ஒருவர் கடற்கரைக்கு ஏற்ற அரைக்கைச் சட்டையில் வந்து குளிரில் நடுங்கினார்.

"கடல் எங்கே?"

"இப்ப வத்தியிருக்கு, துவான்," என்றார் குணாளன்.

மேலதிகாரி கோப்பைப் புரட்டினார். எல்லாம் முறைப்படி இருந்தது. "மறுபடி எப்போது ஏறும்?"

"அதை எப்படிங்க சொல்றது?" என்றாள் வேலாயி.

ஒரே மாதத்தில் கடிதம் வந்தது. கடல் எந்நேரமும் ஏறக்கூடிய தாழ்வான கரையோரத்தில் வசிப்போர் உடனே மேட்டுப் பகுதிக்குக் குடிபெயர வேண்டும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

எங்களுக்கு மேலே மேகம்தான் இருந்தது.

"கடலே இல்லன்னு எழுதிரலாமா?" என்றார் சிவசாமி.

"எழுதுனா சுவத்த இடிச்சிருவாங்க. எங்களுக்கு நீச்சல் தெரியும்னு எழுதுங்க," என்றாள் வேலாயி.

நாற்பது குடும்பமும் கையெழுத்துப் போட்டது. வெந்நீர் இல்லாமல் குளிக்காத குணாளன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பதில் விரைவாகவே வந்தது. கூடவே ஓர் இரும்புக் கதவும் பெரிய பூட்டும் லோரியில் வந்தன.

'இவ்வட்டார மக்கள் அனைவரும் நீந்த வல்லவர்கள் என்பதை அரசாங்கம் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, அவர்கள் ஆற்றைக் கடக்கச் சுவரின் மேல் நடக்க வேண்டிய அவசியம் இல்லை.'