அவள் திரும்பிப் பார்த்தது

மனைவியைப் பயமுறுத்துவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான எந்த ஆணும் எடுக்கக்கூடாத முடிவுதான். வேறு வழியில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத இருந்தது ஒரே ஒரு பின்னறை. அதையும் தன் தம்பி குணாவுக்குக் கொடுக்கப் போவதாகப் பூங்கோதை அறிவித்துவிட்டாள். மாமனார் ரிட்டையராகித் திருச்சிக்குப் போகிறார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எங்கே போவான்? "சண்டே வரேன்" என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியும்விட்டான்.

அந்த அறையில் பேய் உலாவுவதாக ஒரு திகில் நாவல் எழுதி, அதை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் திட்டம். தம்பியைப் பேய்க்குத் தாரை வார்க்க எந்த அக்காவுக்கு மனசு வரும்?

கனத்த குரலில் ஆரம்பித்தேன்.

"கோரமான, கொடூரமான, குலைநடுங்க வைக்கும் பேயொன்று பின்னறைக் கதவை உடைத்துத் திறந்தது. மேற்படி பேய்..."

பூங்கோதை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "மேற்படி பேயா? எந்தப் படிங்க, பஞ்சப்படியா?"

"ஆபீஸ் பழக்கம். அடிச்சிடறேன். பயமா இருக்கா, இல்லையா?"

"பேய்னு சொல்லிட்டீங்களே, அப்புறம் என்ன பயம்? அந்தக் கோரம், கொடூரம் எல்லாத்தையும் எடுங்க. பேயையும் எடுங்க."

"பேயை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

"கதவு இருக்கே. அதை உடைக்காதீங்க, கவர்மென்ட் கதவு. 'கதவு திறந்துகொண்டது'ன்னு எழுதுங்க."

எழுதினேன். உடைத்துத் திறந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்துகொண்டது என்றால், கதவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. பிடரி சில்லிட்டது. ஜனவரிக் குளிர் என்று மப்ளரை இறுக்கிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றாள்.

"நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்."

"பார்த்தாளா? மாடி வீட்டு ஸ்வப்னாவும்தான் தினம் பார்க்கறா."

"பின்னே எப்படி எழுதறது?"

பட்டாணித் தோலைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அவள் திரும்பி என்னைப் பார்த்தது."

மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் படித்தவள். அங்கே இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள். இங்கே நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். உயர்திணையாகத் தொடங்கிய பெண், வாக்கியம் முடிவதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டிருந்தாள்.

"மிச்சத்தை அந்த ரூம்லயே உக்காந்து திருத்திட்டு வாங்க. ஜல்தி. இருட்டப் போகுது."

போனேன். நாற்காலி காலியாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மனத்தைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்குப் பின்னால் கதவு திறந்துகொண்டது.

ஹாலுக்கு வந்து சேர்ந்தபோது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"காத்துங்க" என்றாள் பூங்கோதை, பட்டாணியிலிருந்து தலை நிமிராமல். ஹால் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் என் பேனாக்களை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தாள்.

"நான் இனிமே இங்கேயே எழுதிக்கறேன்."

"அச்சா. உங்க இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை குணா வந்தான். பின்னறையில் பெட்டியை வைத்து ரஜாய்ப் போர்வையைக்கூட விரித்துவிட்டான். கடைசி அஸ்திரமாக நாவலை அவனிடம் நீட்டினேன். ஒரு பக்கம் படித்தால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான்.

தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரசித்தான்.

"சூப்பர் மாமா! எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே. அக்காதான் ஃபோன்ல சொன்னது, இந்த ரூம்ல மாமா பயந்து ஓடினதுன்னு!"

அக்கா சொன்னது. மாமா ஓடினது. மெதுவாக அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினேன்.

பூங்கோதை திரும்பி என்னைப் பார்த்தது.