கடலைக் கொண்டுவர மாட்டேன் என்றவருக்கு என் ஓட்டு

சிலி நாட்டு அரிக்காவில் இருக்கும் அன்புள்ள ஹெர்மினியா அத்தைக்கு,

ஏரிக்கரையிலிருந்து உங்கள் அண்ணன் மகள் சுல்மா எழுதுவது. நீங்களும் மாமாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், ஆடுகள் உள்பட. அப்பாவும் சுகம்தான், ஆனால் நீங்கள் விசாரித்ததாக அவரிடம் சொல்ல முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

நம் ஊருக்கு ஓட்டுக் கேட்டு ஒரு அம்மா வந்தார். நான் முதலில் பார்த்தது அந்தம்மாவின் கையைத்தான் அத்தை. மைக்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறவருக்குமா கை நடுங்கும் என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நில்டா வில்கா என்று பெயர், மஞ்சள் கட்சி. அதே மேடையில்தான் அதற்கு முந்தின வாரம் நீலக் கட்சி டோன் எவரார்டோ வந்து நின்றார். கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை எதுக்கு என்று மாமா கேலி செய்வாரே, அந்தக் கடற்படை வாத்தியக்காரர்களும் வந்து ஊதினார்கள். தான் ஜெயித்தால் அந்தக் காலத்துச் சண்டையில் சிலிக்காரர்கள் பிடுங்கிக்கொண்ட நம் கடலை ஒரே வருஷத்தில் வாங்கித் தந்துவிடுவாராம். முன்பணமாக வீட்டுக்கு ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொடுத்தார். அப்பா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப்போட்டார். வீட்டில் உப்பு தீர்ந்த அன்று அம்மா அதை எடுத்து உருளைக்கிழங்கு சூப்பில் ஊற்றிவிட்டாள். அப்பா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான்டி உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு" என்றார். அப்புறம் மாதாவைக் கும்பிடப் போனார். பாட்டில் காலி. "நாட்டோட கடலையே குடிச்சுட்டேனேடி!" என்று அவர் அலறியது ஏரிக்கு அந்தப் பக்கம் பெரு நாட்டுக்கே கேட்டிருக்கும்.

நில்டா அம்மா கதைக்கு வருகிறேன். பேச ஆரம்பிப்பதற்குள்ளேயே கூட்டத்தில் ஒருத்தன், "எங்கம்மா கடல்? பையில வச்சிருக்கியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானாக இருந்தால் மேடைக்கு அடியில் போய் ஒளிந்திருப்பேன். அந்தம்மா, "என்கிட்ட இல்ல தம்பி. ஒரு வருஷத்துல தர்றேன்னு சொன்னாரே, அவர்கிட்டயும் இல்ல" என்றார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது, குரல் நடுங்கவில்லை. "உலகக் கோர்ட்டுக்குப் போனோம், தோத்தோம். இனிமே பக்கத்து வீட்டுக் கதவத் தட்டித்தான் பேசணும். சிலியில மூடிக் கெடக்குற நம்ம தூதரகத்தத் தொறக்கணும். அங்க போய் வேலை செய்றவங்க, அங்க கல்யாணம் கட்டுனவங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க. அவங்களத் துரோகின்னு சொல்லிட்டு எனக்கு யாரும் ஓட்டுப் போட வேணாம்." யாரோ ஒரு உருளைக்கிழங்கை வீசினார்கள். அது தோளில் பட்டு விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து, "நல்ல கிழங்கு, வீணாக்காதீங்க" என்று முன்வரிசையில் இருந்தவரிடம் கொடுத்தார். முன்வரிசையில் இருந்தவர் அப்பா.

வெளிநாட்டுக் கொள்கை, வெளிநாட்டுக் கொள்கை என்று ரேடியோவில் பெரிதாகப் பேசுகிறார்கள். நம் வீட்டில் அது என்னவென்றால், ஒரு சிலிக்காரரைக் கட்டிக்கொண்டதால் சாப்பிடும்போது உங்கள் பெயரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் முதல் ஓட்டு மஞ்சளுக்கு என்று. மனதுக்குள்தான். ஏனென்றால் இந்த வருஷம் ஊர்த்தலைவர் அப்பா. ஊர்க்கூட்டம் போட்டு, அத்தனை பேரும் நீலத்துக்குத்தான் போட வேண்டும், மாற்றிப் போட்டது தெரிந்தால் அபராதம் என்று அவர்தான் தீர்ப்புச் சொன்னார். ரகசிய ஓட்டுத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் தைரியமாக இருந்தேன்.

அங்கேதான் வந்தது வினை. ஓட்டுச்சாவடியில் உட்காரச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பார்களே, அதில் என் பெயர் விழுந்தது. போகாவிட்டால் தண்டம். போனால், மற்றவர்களுக்கெல்லாம் எழுதும் வேலை, முத்திரை குத்தும் வேலை. எனக்கு, ஒவ்வொரு ஓட்டையும் பிரித்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, உரக்க வாசிக்கும் வேலை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான்! அதுவும் அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு, சன்னலை அடைத்துக்கொண்டு ஊர் முழுக்க நிற்கிறது. "நீலம்" என்றேன். "வாத்து முட்டை போடுற மாதிரி இருக்கு, சத்தமாச் சொல்லுடி!" என்று சன்னலிலிருந்து குரல். "நீலம்! நீலம்! நீலம்!" அப்பா ஒவ்வொரு நீலத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த சீட்டைப் பிரித்தேன். என்னுடையது. பேனா வழுக்கிக் கோணலாகப் போட்ட குறி, எனக்குத் தெரியாதா? நீலம் என்று சொல்லிச் சட்டென்று மடித்துவிட்டால் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள் அத்தை. ஆனால் என் வாயாலேயே என் ஓட்டைக் கொல்வதா? அந்தம்மா அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாரே, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனா? தூக்கிக் காட்டி, "மஞ்சள்!" என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தம் போடுவேன் என்று எனக்கே தெரியாது. வெளியே கட்டியிருந்த கழுதை பதிலுக்குக் கத்தியது. "எவன்டா அது?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு இன்னும் மூன்று மஞ்சள் வந்தது. அவ்வளவுதான், ஊரில் ஒவ்வொருத்தரும் பக்கத்தில் நிற்கிறவரைக் கீழிருந்து மேல்வரை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை. "பிள்ளை நல்லா வாசிச்சுதுப்பா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

நாடு முழுக்க எண்ணியதில் டோன் எவரார்டோ ஜெயித்துவிட்டார். நில்டா அம்மா ரேடியோவில் அவரை வாழ்த்திவிட்டு, அடுத்த மாதம் மறுபடி ஏரிப்பக்கம் வருவேன் என்றார். வரட்டும். நான் முன்வரிசையில் நிற்பேன்.

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் அத்தை, அந்தக் கோணல் ஓட்டு என்னுடையது என்று மாமாவிடம்கூடச் சொல்லாதீர்கள். நான் உயிரோடு இருக்கும்வரை இது வெளியே வரக் கூடாது. இனி ஜென்மத்துக்கும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். கடலும் ஏரியும் உங்கள் இருவரையும் காக்கட்டும். மாமாவுக்கு என் அன்பு, சத்தமில்லாமல்.

உங்கள் சுல்மா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் இன்று ஊர்க்கூட்டம் கூட்டிவிட்டார்கள். படகுத்துறையில் மீன் பொரித்து விற்கும் டோனியா பாசிலியாதான் மஞ்சள் போட்டது, அவள் மகன் சிலியில் வேலை செய்கிறான், வேறு யார் போடுவார்கள், ஒரு மாதம் கடையை மூடு என்று தீர்ப்பாகும்போல இருந்தது. "மாதா மேல சத்தியமா நான் நீலம்தான்யா போட்டேன்" என்று அவள் அழுதாள். மற்ற மூன்று மஞ்சளும் எங்கேயோ உட்கார்ந்து சோளம் கொறித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். "என்னம்மா, டீ கொண்டாரப் போறியா? எல்லாருக்கும் போட்டுடு" என்றார் அப்பா.

"இல்லப்பா," என்றேன், ஓட்டு வாசித்த அன்றைய குரலில். "மொத மஞ்சள் என்னோடது."